அளவு ஜாக்கெட்டை நம்பிப் பின்னிய ஸ்வெட்டர்

"லேசாக இழுத்த நிலையில், நாலு அங்குலத்துக்கு இருபத்து நாலு கண்ணி" என்று அந்தப் பின்னல் செய்முறைக் காகிதத்தில் போட்டிருந்தது. போன கார்த்திகையில் ஆரம்பித்துத் தை முடியும் வரைக்கும் இந்த ஒரே வரி என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. லேசாக என்றால் எவ்வளவு? யார் இழுப்பது? இதை எழுதிய வெளிநாட்டு அம்மாளின் விரலுக்கு லேசாக இருப்பது என் விரலுக்கும் லேசுதானா? மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாளில் எவனாவது 'ஏறக்குறைய' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்து அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் 'லேசாக' என்ற ஒரு சொல்லிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் பின்னல் வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கூட்டரில் போகும்போது வேகத்தடையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். அதைப் பிசைந்து பிசைந்து எரிச்சல் வந்ததுதான் மிச்சம். ஆசிரியர் அறையில் என்னுடன் வேலை பார்த்த ஒரு டீச்சர் ஓய்வு நேரத்தில் குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. இரண்டு ஊசியும் ஒரு பந்து உல்லன் நூலும் வாங்கி, கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூன்று மப்ளர் முடிவதற்குள் விரல்கள் வழிக்கு வந்துவிட்டன. ஆனால் ஊசியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

வேலை பெரிய வித்தையொன்றும் இல்லை. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி. ஒரு கண்ணியை முன்னாலிருந்து குத்தி எடுத்தால் நிட், பின்னாலிருந்து குத்தி எடுத்தால் பர்ல். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனால் துணியில் மேடும் பள்ளமுமாக நெட்டுக்குத்தான கோடுகள் விழும். அதற்கு ரிப் என்று பெயர். காலுறையின் வாய்ப்பகுதியில் இருப்பது அதுதான். சும்மா கிடந்தால் சுருங்கிக்கொள்ளும், இழுத்தால் விரியும்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊசி, மருந்து, முடி கொட்டியது எல்லாம் முடிந்து, இனி பயமில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டு பேருமே கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள், நோய்க்குப் பிறகும் அது குறையவில்லை. மாறியது உடுப்பில்தான். முன்பெல்லாம் ஜாக்கெட்டில் கால் அங்குலம் தொளதொளவென்று இருந்தாலும் தையல்காரரிடம் மூன்று நடை நடந்து சரிசெய்து வாங்குவாள். இவளைக் கண்டாலே அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக ஒரு ஜாக்கெட்கூடத் தைக்கவில்லை. வெளியே கிளம்பினால் பழையதற்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். வீட்டில் என் பழைய சட்டைகள். காலையில் கெரெயை, அதாவது பக்கத்து ஏரியை, சுற்றி நடக்கப் போகும்போது சுடிதாருக்கு மேல் என்னுடைய சாம்பல் நிற ஜெர்கின். அது அவளுக்கு முழங்கால் வரைக்கும் வரும்.

அப்படி ஒரு நாள் பனியில் நடந்துகொண்டிருந்தபோது எதிரே ஒரு இளம்பெண் வந்தாள். செங்கல் நிறத்தில், உடம்போடு ஒட்டிய ரிப் ஸ்வெட்டர். அவள் எங்களைக் கடந்து போன பிறகும் என் மனைவி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங், அந்தப் புள்ள போட்டிருக்கறாப்பல ஒண்ணு உங்குளுக்குப் பின்ன வருமா?" என்றாள்.

வரும் என்று சொல்லிவிட்டேன். மப்ளரைத் தவிர வேறெதுவும் பின்னியதில்லை என்பது கெரெயைப் பாதி சுற்றிய பிறகுதான் உறைத்தது. ஆனால் வேறு பதில் சொல்ல என்னால் முடிந்திருக்காது. உடம்போடு ஒட்டிய ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருடத்தில் அவள் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. இது சொதப்பினால் இன்னொரு தடவை கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். முதல் கண்ணி போட்டதிலிருந்து அந்தப் பயம் கூடவே இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இணையத்தில் தேடி ஒரு செய்முறையை அனுப்பினாள். ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்துக்கொண்டு வந்தேன். முதலில் உடம்பின் அளவு தெரிய வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு, அம்மிணி கொஞ்சம் வந்து நில் என்றேன். எதற்கு நிற்க வேண்டும், அளவு ஜாக்கெட் தருகிறேன் என்று சொல்லி, பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு மெரூன் நிற ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் பெண்கள் தையல்காரர் முன்னால் போய் நின்று அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய ஜாக்கெட் எல்லோரிடமும் இருக்கும். புதுத் துணியோடு அதையும் சேர்த்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டால், தையல்காரர் அதை விரித்து வைத்து வெட்டிக்கொள்வார். என் அம்மா, அக்கா, தங்கை எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. நான்கூட மாப்பிள்ளைக் கோலத்துக்குச் சட்டை தைக்க அளவு சட்டைதான் கொடுத்தனுப்பினேன். அதனால் மனைவி ஜாக்கெட்டை நீட்டியதும் வாங்கிக்கொண்டேன். அதுவுமில்லாமல், ஆபரேஷனுக்குப் பிறகு அவள் துணி மாற்றும் நேரத்தில் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவது வழக்கமாகியிருந்தது. அவளுக்குச் சங்கடம் வேண்டாமே என்றுதான். அது நாகரிகம் என்று நினைத்தேன்.

ஜாக்கெட்டை அளந்ததில் மார்பளவு முப்பத்தாறு வந்தது. காகிதத்தைப் பார்த்தால், முப்பத்தாறு அளவுக்காரருக்கு ஸ்வெட்டரின் சுற்றளவு முப்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். உடம்பைவிடச் சின்னதாக எவராவது துணி தைப்பார்களா? நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. பள்ளிச் சீருடையை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துத்தான் தைப்பார்கள். ஜாக்கெட்டின் உள்தையலில் எப்போதும் ஒரு அங்குலம் பிடித்து வைத்திருப்பார்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று. சிவப்புப் பேனாவை எடுத்து முப்பத்திரண்டை அடித்து, தாராளமாக இருக்கட்டும் என்று முப்பத்தெட்டு என்று எழுதினேன். செய்முறை எழுதியவர் கணக்கில் எவ்வளவு மட்டம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

பிறகு அந்த இருபத்து நாலு கண்ணி. இத்தனை அங்குலத்துக்கு இத்தனை கண்ணி என்பதை கேஜ் என்கிறார்கள். ஒவ்வொருவர் கைக்கும் இறுக்கம் வேறு வேறு என்பதால், முதலில் மாதிரிக்குக் கையகலத் துண்டு ஒன்றைப் பின்னி எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னினேன். சும்மா மேஜைமேல் கிடக்கும்போது நாலு அங்குலத்துக்கு முப்பத்திரண்டு வந்தது. கொஞ்சம் இழுத்தால் இருபத்து நாலு. இன்னும் கொஞ்சம் இழுத்தால் இருபது. ஒரே கணக்குக்கு மூன்று விடை. இப்படி ஒரு கணக்கை நான் பரீட்சையில் கொடுத்திருந்தால் பெற்றோர்கள் என்னைத் தேடி வந்திருப்பார்கள். இழுப்பது என் இஷ்டம், சும்மா கிடப்பதுதான் உண்மை என்று முடிவு செய்தேன். அங்குலத்துக்கு எட்டு கண்ணி. முன்பக்கத்துக்குப் பத்தொன்பது அங்குலம். நூற்று ஐம்பத்திரண்டு கண்ணி போட்டேன்.

மூன்று வாரத்தில் முன்பக்கம் முடிந்தது. அளவு ஜாக்கெட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு அரை அங்குலம் தாராளமாக, நினைத்த மாதிரியே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே வாளியில் நனைத்து அலசி, மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் அது என்னுடையதுதானா என்று சந்தேகமாகிவிட்டது. அகலம் இருபத்தைந்து அங்குலம். நீளமோ, தண்ணீரின் பாரத்தில் இறங்கி இறங்கி, என் தொடையைத் தொட்டது. டேப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மனைவி துணி எடுக்க மேலே வந்தாள். குண்டலுபேட்டையிலிருந்து சொந்தக்காரர் யாராவது வந்தால் போர்த்திக்கொள்ளக் கொடுக்கலாம் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் மார்க்கெட் பக்கத்தில் உல்லன் கடை வைத்திருக்கும் அம்மாளிடம் மாதிரித் துண்டையும் காகிதத்தையும் கொண்டு போனேன். மாதிரித் துண்டை நனைத்துக் காயவைத்து எண்ணினீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். பின்னியதைத் தொங்கவிட்டீர்களா, படுக்கையாகக் காயப்போட்டீர்களா என்றார். தொங்கவிட்டதை ஒப்புக்கொண்டேன். ரிப் என்பது உடம்பைவிடச் சின்னதாக இருந்து, உடம்பு தன்னை இழுக்கும்போது ஒட்டிக்கொள்கிற துணி, பெரிதாகப் பின்னினால் அது மூட்டைதான் என்று விளக்கினார். முப்பத்திரண்டு அச்சுப்பிழை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சரி, லேசாக இழுப்பது என்றால் எவ்வளவு என்று கேட்டேன். துண்டை வாங்கி, மேடுகளுக்கு நடுவே பள்ளம் கொஞ்சம் தெரியும் வரைக்கும் விரித்து, இவ்வளவு என்று காட்டினார். எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்றேன். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

மூன்று வார வேலையை ஒரு மத்தியானத்தில் உருவிவிட்டேன். சுருண்ட நூலை அலசி, காயவைத்து, மறுபடி பந்தாகச் சுற்றிக்கொண்டேன். மாதிரித் துண்டை இந்தத் தடவை நனைத்து, துவாலைமேல் படுக்கையாகக் காயவைத்து, கடைக்கார அம்மாள் காட்டியபடி விரித்து எண்ணினேன். சொல்லி வைத்த மாதிரி இருபத்து நாலு. அங்குலத்துக்கு ஆறு. முன்பக்கத்துக்குப் பதினாறு அங்குலம், தொண்ணூற்றாறு. ஓரத்துக்கு இரண்டு சேர்த்துத் தொண்ணூற்றெட்டு கண்ணி. முன், பின், இரண்டு கை, கழுத்து. மார்கழி முழுவதும் ஊசியும் கையுமாகவே போனது. முடித்து அலசி, கட்டில்மேல் காயப்போட்டிருந்தபோது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனைவி அதைக் கையால் தடவிவிட்டுப் போனாள். ஈரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வழக்கம்போல் பால்கனியில் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது என் பழைய சட்டையைத்தான் போட்டிருந்தாள். ஸ்வெட்டர் நாலாக மடித்துக் கையில் இருந்தது. நல்லா இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் காலை கெரெக்கு அதே சாம்பல் நிற ஜெர்கின்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இறுக்கிப் பிடிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். தொளதொளவென்று இருக்கிறதா? இல்லை. நூல் அரிக்கிறதா? இல்லை. நிறம்? அவளே தேர்ந்தெடுத்த நிறம். பிறகு ஏன் போடவில்லை? நல்லா இருக்கிறது என்றுதானே சொல்கிறேன் என்றாள். அதற்கு மேல் கேள்வி கேட்டால் அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை அளந்தேன். காகிதத்தோடு ஒத்துப் போனது. ஜாக்கெட்டை ஆறு தடவை அளந்தேன், ஆறு தடவையும் முப்பத்தாறு. துணி டேப் நாளாக ஆக நீண்டுவிடும் என்று கேள்விப்பட்டு, இரும்பு ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்தேன். டேப்பும் யோக்கியமாகத்தான் இருந்தது. மகளைப் போனில் கூப்பிட்டு, நீ அனுப்பிய செய்முறையில் கோளாறு என்று சத்தம் போட்டேன். எங்களுடைய தமிழுக்குக் கன்னடத்தில் பதில் சொல்வது அவள் பழக்கம். அம்மாவுக்குத் தோன்றும்போது போட்டுக்கொள்வாள், அவளைக் குடையாதே அப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எல்லா எண்ணும் சரி, விடை மட்டும் தப்பு. இது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கு நானே கத்திக்கொண்டேன்.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. மறுபடி உருவிவிட்டு, முப்பத்து நாலுக்குப் பின்னிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். காலை பத்து மணி இருக்கும். அவள் சமையலறையில் இருந்தாள். ஸ்வெட்டரை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜைமேல் விரித்து, பக்கத்துத் தையலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். ஈரக்கையோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். என் கையிலிருந்து ஸ்வெட்டரைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. நான் பழக்க தோஷத்தில் பால்கனிப் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டேன்.

"அங்க எங்க போறீங்க? இங்க வந்து பாருங்க" என்றாள்.

போனேன். அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு நேராக நின்றிருந்தாள். உள்ளே மடித்த துணி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வலது பக்கம் ரிப் விரிந்து, மேடும் பள்ளமும் எடுப்பாகத் தெரிந்தன. இடது பக்கம் கோடுகள் ஒன்றோடொன்று மூடிக்கொண்டு, இழுக்க ஆளில்லாமல் கிடந்தன. கழுத்திலிருந்து அடிவரைக்கும் நேராக இறங்க வேண்டிய நடுக்கோடு, கழுத்துக்குக் கீழே வலது பக்கம் சாய்ந்து, வளைந்து, வயிற்றுக்குப் பக்கத்தில் வந்துதான் மறுபடி நடுவுக்குத் திரும்பியது. சேலையில் மறைத்திருந்ததையெல்லாம் நான் கோடு போட்டுக் காட்டியிருந்தேன்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்த மெரூன் ஜாக்கெட் அவளுக்கு இரண்டு மார்பும் இருந்த காலத்தில் தைத்தது. நான் டேப்பைச் சந்தேகப்பட்டேன், மகளைத் திட்டினேன், வெளிநாட்டு அம்மாளுக்குக் கணக்கு வராது என்றேன். ஜாக்கெட்டை மட்டும் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது. கண்முன்னால் இருக்கும் பெண்ணை விட்டுவிட்டு, பீரோவிலிருந்து வந்த துணியை ஆறு தடவை அளந்திருக்கிறேன்.

ஏன் அந்த ஜாக்கெட்டைக் கொடுத்தாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்த அளவுக்குப் பின்னுனா ஒடம்பும் பழையபடி இருந்துரும்னு என்னமோ ஒரு நெனப்புங்" என்றாள்.

நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்லும்போதே அது அநியாயமான பேச்சு என்று தெரிந்தது.

"நான் துணி மாத்தறப்ப நீங்க எந்திரிச்சு வெளிய போயிருவீங்க. பாக்கப் புடிக்கலியாட்ட இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு வருடம் நான் நாகரிகம் என்று எண்ணிப் பால்கனியில் நின்றதெல்லாம், கதவுக்கு உள்ளே இருந்தவளுக்கு வேறொன்றாகக் கணக்காகியிருக்கிறது. அப்படியில்லை, அப்படியில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் விளக்கம் கேட்கவில்லை. ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

வந்தேன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். முன்பக்கத்தின் இரண்டு பாதிக்கும் இனி ஒரே எண் ஆகாது, தனித்தனியாக அளந்து தனித்தனியாகக் கண்ணி போட வேண்டும் என்றேன். தலையாட்டினாள். நெஞ்செலும்பிலிருந்து வலது அக்குள் கோடு வரைக்கும் அளந்தேன். ஒன்பதரை அங்குலம். காகிதத்தின் ஓரத்தில் எழுதினேன். பிறகு இடது பக்கம். அந்தத் தழும்பை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. குறுக்காக, அக்குள் வரைக்கும் ஓடி, வெளிறிப்போய் இருந்தது. டேப்பின் ஒரு முனையை நெஞ்செலும்பில் வைத்தேன். மறுமுனை என் கையில் நின்றது. எங்கே வலித்துவிடுமோ, எங்கே தொட்டால் என்ன நினைப்பாளோ என்று ஒரு விரல்கடை தள்ளியே பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்க்க முயன்றேன். கண்ணாடி போட்டிருந்தும் எண் தெரியவில்லை.

"அங்க லூஸ் விடாதீங்க" என்றாள். "ஒட்டிப் புடிங்க."

பிடித்தேன். ஏழே முக்கால்.